ஃபர்னிச்சர்: அறைகலனா, தளவாடமா, மரச்சாமானா?

ஒரே வாரத்தில் மூன்று மொழிபெயர்ப்பு வேலைகள் வந்து சேர்ந்தன. ஒன்று சிறுகதை. இன்னொன்று மெருகு எண்ணெய்க் குப்பியில் ஒட்டுகிற சீட்டு. மூன்றாவது ஒரு வாடகை ஒப்பந்தம். மூன்றிலும் ஃபர்னிச்சர் என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. சீட்டில் மரச்சாமான் என்று எழுதினேன், ஒப்பந்தத்தில் தளவாடம் என்று எழுதினேன், கதையில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த வரியை மட்டும் மஞ்சள் பூசி வைத்தேன். சீட்டும் ஒப்பந்தமும் ஒரே இடத்துக்குப் போகிறவை. மறுநாளே அங்கிருந்து கேள்வி வந்தது: "ஒரு சொல்லுக்கு எதற்கு இரண்டு தமிழ்? ஏதாவது ஒன்றை முடிவு பண்ணுங்களேன்."

நியாயமான கேள்விதான். முடிவு பண்ணத்தான் உட்கார்ந்தேன். களத்தில் இருப்பவை ஐந்து: ஃபர்னிச்சர் என்றே எழுதிவிடுவது, மரச்சாமான், தளவாடம் (அதோடு அதன் உடன்பிறப்பான தளபாடம்), அறைகலன், தட்டுமுட்டுச் சாமான். ஆறாவதாக ஒரு வழியும் உண்டு. அது அகராதியில் கிடைக்காது.

இந்த ஐந்தையும் எடை போடுவதற்கு முன்னால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் சொல் என்பதுதான் நமக்குப் பள்ளியில் தெரிந்த பொருள். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கும் நாற்காலிக்கும் சம்பந்தமே இல்லை. பிரெஞ்சு மொழியில் வழங்குதல், தருவித்துக் கொடுத்தல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது அது. ஒன்றைப் பயன்பாட்டுக்குத் தயாராக்கத் தேவையானவற்றையெல்லாம் கொடுத்து நிரப்புவது. அப்படி நிரப்பிய பொருள்களுக்குப் பெயர் ஃபர்னிச்சர். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் குதிரையின் சேணமும் கடிவாளமும் ஃபர்னிச்சர். படைவீரனின் கவசமும் ஆயுதமும்கூட ஃபர்னிச்சர்தான். வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள் என்று அது குறுகியது பிற்பாடுதான்.

பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. இன்றைக்கும் ஆங்கிலத்தில் கதவு ஃபர்னிச்சர் என்றால் தாழ்ப்பாள், கைப்பிடி, கீல், பூட்டு. தெரு ஃபர்னிச்சர் என்றால் விளக்குக் கம்பம், நிழற்குடை, சாலையோர இருக்கை, அஞ்சல் பெட்டி, குப்பைத் தொட்டி. பழைய அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துகளைக் கோத்துச் சட்டத்துக்குள் இறுக்கும்போது, பக்கத்தில் வெள்ளையாக விட வேண்டிய இடங்களை மரக்கட்டைகளும் உலோகக் கட்டைகளும் வைத்து அடைப்பார்கள். அந்தக் கட்டைகளுக்கும் ஃபர்னிச்சர் என்றே பெயர். தாளில் எதுவும் அச்சாகாத இடத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் பொருள் அது. செய்தித்தாள் மேசைகளில் தலைப்பு, படக்குறிப்பு போன்று கட்டுரையைச் சுற்றி நிற்கிறவற்றைப் பக்க ஃபர்னிச்சர் என்பார்கள்.

இதில் நான் ஒருமுறை வசமாக மாட்டினேன். கட்டட வேலைப் பட்டியல் ஒன்றில் கதவு ஃபர்னிச்சர் என்று வந்ததை, கண்ணை மூடிக்கொண்டு 'கதவுக்கான மரச்சாமான்கள்' என்று எழுதிவிட்டேன். படித்தவர் கதவு, நிலை எல்லாமே அந்தக் கணக்கில் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். உள்ளபடி அந்த வரியில் இருந்தது பித்தளைக் கைப்பிடியும் கொண்டியும் மட்டும். மரமே இல்லாத இடத்தில் மரத்தை நட்டவன் நான். பட்டியல் இரண்டு கை மாறுவதற்குள் யாரோ பார்த்துத் திருத்தினார்கள், பிழைத்தேன்.

ஐரோப்பாவின் மற்ற மொழிகள் பல இதே பொருளுக்கு வேறு வாசல் வழியாகப் போயின. பிரெஞ்சுக்காரர் மேபிள் என்கிறார், ஜெர்மானியர் மோபெல், ஸ்பானியர் முவெப்லே, ரஷ்யர் மெபெல், துருக்கியர் மொபில்யா. எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீனில் நகரக்கூடியது என்று பொருள்படும் சொல். வீடு நகராது, அதற்குள் இருக்கும் கட்டில் நகரும். சட்டத் தமிழில் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று நாம் பிரிக்கிறோமே, அதே பிரிவினை. பிரெஞ்சில் அசையாததைக் குறிக்கும் எதிர்ச்சொல் கட்டடத்துக்கே பெயராகிவிட்டது. ஆங்கிலமோ இது நகருமா என்று பார்க்காமல், இது எதற்காகக் கொண்டுவந்து போடப்பட்டது என்று பார்த்துப் பெயர் வைத்தது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் தமிழ்ச் சொற்களை எடை போடுவது சுலபம்.

இன்னொரு சங்கதி, எண்ணிக்கை. ஆங்கிலத்தில் ஃபர்னிச்சர் என்பது தண்ணீர், மணல் மாதிரி எண்ண முடியாத பெயர். பன்மை விகுதி போட்டு ஃபர்னிச்சர்ஸ் என்று எழுதினால் பிழை. ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் 'ஒரு பீஸ்' என்ற ஒட்டுப்போட வேண்டும். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு சாமான், நாலு சாமான், நிறையச் சாமான். அப்படியிருக்க அந்தப் பீஸைத் துண்டு என்று எடுத்துக்கொண்டு 'ஒரு துண்டு தளபாடம்' என்று எழுதுகிற இயந்திர மொழிபெயர்ப்புகளைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ அலமாரியை ரம்பத்தால் அறுத்துக் கொடுப்பது போலத்தான் கண்ணில் தெரிகிறது. மனிதர்கள் எழுதியதிலும் பார்த்திருக்கிறேன். பீஸ் வந்தால் அதை விட்டுவிடுங்கள், 'ஒரு' போதும்.

இனிப் போட்டியாளர்கள்.

ஃபர்னிச்சர் என்றே எழுதுவதில் உள்ள பெரிய வசதி, படிக்கிறவர் ஒரு நொடிகூட நிற்க மாட்டார். மரமோ இரும்போ பிளாஸ்டிக்கோ எல்லாவற்றையும் தாங்கும். பேச்சில் நாம் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஃபர்னிச்சர்கள் என்று தாராளமாகப் பன்மையும் போடலாம், தமிழுக்குள் வந்த பிறகு அது தமிழ் இலக்கணத்துக்குத்தான் கட்டுப்பட வேண்டும். சங்கடம் எழுத்தில். ஃபர்னிச்சர், பர்னிச்சர், ஃபர்னிசர், பர்னீச்சர் என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். ஒரே ஆவணத்தில் மூன்று விதம் வந்துவிட்டால் தேடுபொறிக்கும் தெரியாது, திருத்துபவருக்கும் தெரியாது. கதை மாந்தர் பேசும் இடத்தில் இதைவிட நல்ல சொல் இல்லை. வீடு மாறிக்கொண்டிருக்கும் ஒருத்தி, "அறைகலன்களையெல்லாம் ஏற்றியாச்சா?" என்று கேட்டால் கதை அங்கேயே படுத்துவிடும்.

மரச்சாமான் என்ற சொல்லை எனக்குப் பிடிக்கும். அதில் மரத்தூள் வாசனை இருக்கிறது. தச்சுப் பட்டறையோடு ஒட்டிய சொல். சாமான் பாரசீகத்திலிருந்து வந்தது என்று சொல்லி முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் முன்பாதியில். சொல்லுக்குள்ளேயே மரத்தை வைத்துப் பூட்டிவிட்டதால் 'இரும்பு மரச்சாமான்', 'பிளாஸ்டிக் மரச்சாமான்' என்று எழுத நேர்கிறது. வாய்க்குப் பழகிவிட்டால் பொருள் மறந்துவிடும் என்பார்கள். உண்மைதான், எண்ணெய் என்பது எள் நெய்யாக இருந்து தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் வரைக்கும் போகவில்லையா? ஆனால் எண்ணெயில் எள் கரைந்துவிட்டது. மரச்சாமானில் மரம் இன்னும் முழுசாக நிற்கிறது. ஒரு நாள் கரையலாம். அதுவரை, பொருள் உண்மையிலேயே மரமாக இருக்கும் இடத்தில் இதற்கு முதல் இடம் கொடுப்பேன். அந்த மெருகு எண்ணெய்ச் சீட்டில் இதைப் போட்டது சரிதான். எண்ணெய் மரத்துக்கு மட்டுமே ஆனது, இரும்பில் பூசினால் பிசுபிசுக்கும். அங்கே அறைகலன் என்று எழுதியிருந்தால் யாராவது இரும்புக் கட்டிலில் தேய்த்திருப்பார்கள்.

தளவாடத்துக்கு இரண்டு முகம். தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல்லோடு சேர்ந்து முதலில் வருவது பெரும்பாலும் ராணுவம்தான். போர்த் தளவாடம், ராணுவத் தளவாடம் என்று செய்தியில் படித்துப் படித்துப் பீரங்கி கண்முன் வந்துவிடுகிறது. அதே சமயம் அரசு ஆவணங்களில் பள்ளிக்கு வாங்கும் பெஞ்சும் மேசையும் தளவாடப் பொருள்கள்தான். அலுவலக நடையில் இது வெகு இயல்பு, வீட்டுக்குள் வந்தால் உறுத்தும். 'வரவேற்பறைத் தளவாடங்கள்' என்று எழுதிப் பாருங்கள், சோபாவுக்குப் பின்னால் யாரோ பதுங்கியிருப்பது போல இருக்கும்.

கேலி செய்கிறோமே தவிர, ஆங்கிலச் சொல்லின் பழைய வாழ்க்கையோடு கச்சிதமாகப் பொருந்துவது இந்தச் சொல்தான். ஒரு வேலையைச் செய்வதற்கு வேண்டிய பொருள்களின் தொகுதி. படையாக இருந்தால் ஆயுதம், பள்ளியாக இருந்தால் பெஞ்சு. சேணத்தையும் கவசத்தையும் ஃபர்னிச்சர் என்று அழைத்த அந்தக் கால ஆங்கிலேயரிடம் போய்த் தளவாடம் என்று விளக்கினால் உடனே தலையாட்டியிருப்பார். தெரு ஃபர்னிச்சருக்குக்கூட 'தெருத் தளவாடங்கள்' என்று சொல்லிப் பார்த்தால் பெரிதாக இடிக்கவில்லை. மரச்சாமானும் அறைகலனும் அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

தளபாடம் இலங்கைத் தமிழில் ஃபர்னிச்சருக்கான அன்றாடச் சொல். அங்கே பீரங்கி நினைவெல்லாம் வராது. கதிரையும் மேசையும்தான் வரும். கதிரை என்பதும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், நம் மேசையையும் அலமாரியையும் போல. இலங்கை வாசகருக்கு எழுதுகிறவர் இந்த முழுக் கட்டுரையையும் படிக்க வேண்டியதில்லை, தளபாடம் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு அதே சொல் அச்சுப்பிழையோ என்று தோன்றும்.

அறைகலனுக்கு வருகிறேன். இன்றைய பொதுத் தமிழில், குறிப்பாகச் செய்தி நடையில், ஓங்கி நிற்பது இதுதான். சிங்கப்பூர்த் தமிழில் நன்றாகவே ஊன்றிவிட்டது. சொல்லாக்கமும் அழகு. கலன் என்பது பாத்திரம் மட்டுமல்ல. அணிகலன், படைக்கலன், கொள்கலன், விண்கலன் என்று எதற்கும் வளைந்து கொடுக்கும் பழைய சொல். ஒரு பயனுக்காகச் செய்த பொருள் என்ற பொருளில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டும். மரமா இரும்பா என்ற தகராறும் இல்லை.

ஆனால் இலக்கணத்தில் ஒரு முள் இருக்கிறது. படைக்கலனில் 'க்' மிகுகிறது, அணிகலனில் மிகவில்லை. ஏன்? அணிகலன் வினைத்தொகை: அணிந்த, அணிகின்ற, அணியும் கலன். கொள்கலனும் அப்படித்தான். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. படை பெயர்ச்சொல், அதனால் மிகுந்தது. அப்படியானால் அறை என்ற பெயர்ச்சொல்லோடு கலன் சேர்ந்தால் அறைக்கலன் என்றுதானே வர வேண்டும்? எல்லோரும் எழுதுவது அறைகலன். இலக்கணப்படி அதை விரித்தால் அறைந்த கலன், அறைகின்ற கலன், அறையும் கலன். கன்னத்தில் விடும் அந்த அறையேதான். இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டவர்கள் இந்த இலக்கணத்தை மறுக்க மாட்டார்கள்.

நான் என்ன செய்கிறேன்? அறைகலன் என்றே எழுதுகிறேன். வழக்கு அதைத்தான் ஏற்றுக்கொண்டுவிட்டது, ஒற்றைச் சொல்லாக நின்றுவிட்டது. அறைக்கலன் என்று திருத்தினால் வாசகருக்கு அது வேறு ஏதோ பொருளாகத் தெரிகிறது. திருத்தி எழுதுகிறவர்களோடு சண்டைக்கும் போவதில்லை. ஒரே ஆவணத்தில் இரண்டும் கலந்து வரக்கூடாது, அவ்வளவுதான் என் நிபந்தனை. இன்னொரு குறை: இந்தச் சொல்லை யாரும் வீட்டில் வாயால் சொல்வதில்லை. அறிக்கை, செய்தி, பாடநூல், விளம்பரம் வரைக்கும் சரி. தோட்டத்தில் போடும் நாற்காலிக்கு 'தோட்ட அறைகலன்' என்று எழுதும்போது அறை எங்கே என்ற கேள்வியும் வரும்.

தட்டுமுட்டுச் சாமானை நீண்ட நேரம் விசாரிக்க வேண்டியதில்லை. பழைய அகராதிகள் ஃபர்னிச்சருக்கு இதையும் ஒரு பொருளாகத் தந்தன. இன்றைக்கு அது சில்லறைப் பொருள்கள், பழைய பாத்திரம், உடைந்த வாளி என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. புத்தம்புதுச் சோபாவைத் தட்டுமுட்டு என்றால் வாங்கியவர் பேசாமல் போய்விடுவார். பரணில் கிடப்பவற்றுக்கு மட்டும் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

வாடகை ஒப்பந்தத்துக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் சொல் தவறினால் சண்டை வரும். ஆங்கில ஒப்பந்தங்களில் மூன்று தனித்தனிக் குவியல்கள் உண்டு. கட்டடத்தோடு நிலையாகப் பொருத்தியவை ஒரு குவியல்: கழுவுதொட்டி, சுவருக்குள் கட்டிய அலமாரி. எளிதில் கழற்றக்கூடியவை இன்னொன்று. தானாக நிற்கிற மேசை, கட்டில், நாற்காலி மூன்றாவது, அதுதான் ஃபர்னிச்சர். திரைச்சீலை, விரிப்பு, மெத்தை உறை போன்ற துணிச் சமாசாரங்களுக்கு அதே வேரில் பிறந்த சாஃப்ட் ஃபர்னிஷிங்ஸ் என்ற வேறு சொல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்புவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. சுவரோடு சேர்த்து அடித்த அலமாரியையும் ஆங்கிலம் பொருத்திய ஃபர்னிச்சர் என்று சொல்லும்; அது எந்தக் குவியல் என்று ஆங்கில வழக்கறிஞர்களே மோதிக்கொள்ளும் இடம் அது.

இங்கே தளவாடம் என்று நான் எழுதியது தவறு என்று இப்போது தோன்றுகிறது. தளவாடம் என்றால் மின்விசிறியும் அடங்கும் என்று ஒருவர் வாதிடலாம், அடங்காது என்று இன்னொருவர் வாதிடலாம். அறைகலன் என்று மாற்றினேன். அதோடு விடவில்லை, மூல ஆவணத்தின் பின்னிணைப்பில் பொருள்களின் பட்டியல் இருந்தது, அதனால் சொல் முதன்முதல் வரும் இடத்தில் 'இணைப்பில் குறிப்பிட்ட கட்டில், மேசை, நாற்காலி முதலிய அறைகலன்கள்' என்று எழுதி, அந்தக் கூடுதல் சொற்கள் என்னுடையவை என்று தனியே குறித்து அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள். ஃபர்னிஷ்ட் வீடு என்பதற்கு 'அறைகலன்களுடன் கூடிய வீடு'. செமி-ஃபர்னிஷ்ட் என்பதற்கு 'அரை அறைகலன்' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன அறையில் பாதி அறை போல. 'சில அறைகலன்கள் மட்டும் உள்ள வீடு' என்று எழுதினால் முடிந்தது.

இப்போது அந்த ஆறாவது வழி. தமிழில் பேசும்போது பொதுப்பெயர் தேடி நாம் அலைவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கால்நடை என்று சொல்வதற்குப் பதில் ஆடுமாடு என்கிறோம். தாவரம் என்பதற்கு செடிகொடி. பாத்திரங்களுக்குச் சட்டிபானை. ஆபரணத்துக்கு நகைநட்டு, ஆடைக்குத் துணிமணி. இரண்டு உருப்படியைச் சேர்த்துச் சொன்னால் போதும், மொத்தக் கூட்டமும் கண்ணுக்கு வந்துவிடும். ஆடுமாடு என்றால் அந்த வீட்டில் எருமை இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே வழியில் ஃபர்னிச்சருக்கு நம் வாயில் ஏற்கெனவே இருப்பது மேசை நாற்காலி. அலுவலகம் காலியாகக் கிடந்தது என்று சொல்ல "ஒரு மேசை நாற்காலிகூட இல்லை" என்கிறோம். வீடு சாமானால் நிறைந்திருந்தால் "கட்டில் பீரோ எல்லாம் போட்டு நடக்க இடமில்லை" என்கிறோம். படிப்பறைக்கு மேசை நாற்காலி, படுக்கையறைக்குக் கட்டில் பீரோ. இடத்துக்குத் தக்கபடி ஜோடி மாறுகிறது. ஆங்கிலத்தின் ஒரு சொல்லால் இந்த நுணுக்கம் முடியாது.

கதைக்கும் கட்டுரைக்கும் இந்த வழிதான் என் முதல் தேர்வு. ஆனால் இதிலும் பள்ளம் உண்டு. பெயர் சொல்லத் தொடங்கினால் அந்தப் பெயர்களின் சரித்திரமும் கூடவே வரும். பீரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் முரட்டுக் கம்பளித் துணிக்கான சொல்லிலிருந்து கிளம்பி, அந்தத் துணி விரித்த எழுதுமேசையாகி, மேசை இருக்கும் அலுவலகமாகி, அரசுத் துறையாகி, கடைசியில் அதிகாரவர்க்கத்துக்கே பெயர் கொடுத்த சொல் அது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பியூரோ என்றால் சரிவான மூடியைத் திறந்து எழுதும் மேசை. அமெரிக்க ஆங்கிலத்தில் இழுப்பறைகள் கொண்ட துணி அலமாரி. நமக்கு பீரோ என்றால் ஆளுயரம், இரட்டைக் கதவு, சாவி, பெரும்பாலும் இரும்பு. லண்டனில் நடக்கும் கதையில் ஒருவர் பியூரோவில் உட்கார்ந்து கடிதம் எழுதுவதை அப்படியே பீரோவில் உட்கார்த்தி வைத்தால் வாசகர் பயந்துவிடுவார்.

ஒரு மனிதரை ஃபர்னிச்சரில் ஒரு பகுதி என்று ஆங்கிலத்தில் சொல்வதுண்டு. ஓர் இடத்தில் நெடுங்காலம் இருந்து, இருப்பதே யார் கண்ணிலும் படாமல் போனவர். அவருக்கு மேலே சொன்ன எந்தச் சொல்லும் வேண்டாம். தூணோடு தூணாக ஆகிவிட்டவர் என்றால் போதும்.

மஞ்சள் பூசி வைத்த அந்தக் கதை வரி மட்டும் பாக்கி இருந்தது. ஆங்கிலத்தில், கட்டிலைத் தவிர அறையில் ஃபர்னிச்சர் எதுவும் இல்லை என்று இருந்தது. 'கட்டிலைத் தவிர வேறு அறைகலன்கள் இல்லை' என்று எழுதிப் பார்த்தேன், சோதனை போட வந்த அதிகாரியின் குறிப்பு மாதிரி இருந்தது. 'மேசை நாற்காலி எதுவும் இல்லை, கட்டில் மட்டும்' என்று மாற்றினேன், கொஞ்சம் உயிர் வந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் படித்தபோது அதையும் அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'அறையில் ஒரு கட்டில் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.'